அரசுத் தரப்பு உயிர்

குவாயாகில் துறைமுகத்தில் அந்த நவம்பர் மாதம் யாரும் சாகவில்லை.

பொது அமைதி விளக்க ஆணையம் என்று புதிதாக ஒன்றை அமைத்து, அதன் வாயால் அப்படித்தான் அறிவித்தார்கள். டிராம் ஓட்டுகிறவர்களும் மின்சார நிலையத்துக்காரர்களும் ரொட்டி சுடுகிறவர்களும் வேலைநிறுத்தம் செய்ததை ஆணையம் மறுக்கவில்லை. அவர்கள் ஊர்வலம் போனதும் உண்மை, துருப்புகள் சுட்டதும் உண்மை. தோட்டா தீர்ந்துபோய் இன்னும் கொண்டு வரச் சொல்லி ஆள் அனுப்பியதுகூட உண்மைதான். ஆனால் யாரும் சாகவில்லை. சிலர் ஊரில் இல்லை, அவ்வளவே.

ஊருக்குப் பக்கத்திலேயே ஓடும் குவாயாஸ் ஆற்றுக்கு ஒரு குணம் உண்டு. கடல் ஏறும்போது அது மேல்நோக்கி ஓடும். கடல் இறங்கும்போது கீழே ஓடும். அதில் போட்ட எதுவும் ஒரேயடியாகப் போய்விடுவதில்லை. அந்த மாதம் ஊரில் ஒருவரும் ஆற்று மீன் வாங்கவில்லை. ஆணையம் அதற்கும் விளக்கம் வைத்திருந்தது: மக்களுக்குத் திடீரென்று மாட்டிறைச்சியின் மேல் பிரியம் வந்துவிட்டதாம்.

எலியோதோரோ பின்காய்க்கு இதெல்லாம் தாமதமாகத்தான் தெரியவந்தது. அவன் தள்ளுவண்டியில் ஐஸ் கட்டியை வைத்து, சீவுளியால் சீவி, புளிச் சாறும் சர்க்கரைப் பாகும் ஊற்றிக் கொடுக்கிறவன். துப்பாக்கி வெடித்த அன்று மலேரியாக் காய்ச்சலில் வீட்டில் கிடந்தான். மனைவி உபால்தினா இருந்த போர்வைகளையெல்லாம் அவன்மேல் போட்டு, அதற்குமேல் தானும் ஏறி உட்கார்ந்திருந்தாள். சத்தம் கேட்டபோது காய்ச்சலில் காது அடைக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

குணமாகி வண்டியை எடுத்த முதல் காலையில், ஐஸ் கேட்ட பெண் ஒருத்தி நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடித் தம்ளர் அவள் கையிலிருந்து விழுந்து உடைந்தது. நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு பின்னோக்கியே நடந்து, திரும்பி, ஓடினாள்.

"என்னண்ணே ஆச்சு அந்தம்மாவுக்கு?" என்று பக்கத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவரைக் கேட்டான்.

அவரும் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். பிறகு தோல் துண்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு பத்திரிகையை உருவி நீட்டினார். "நீ செத்துட்டேன்னு நெனச்சேன்பா. நேத்து உனக்காக ஒரு மெழுகுவத்திகூட ஏத்தினேன்."

அது நாலு பக்கச் சின்ன வாரப் பத்திரிகை. முதல் பக்கம் முழுக்க ஒரே படம், கறுப்பு மையில் வரைந்தது. படித்துறைக் கல்லில் ஒருவன் மல்லாந்து கிடக்கிறான். ஒரு கால் வெறுங்கால். அதிகாரி ஒருவர் பூட்ஸ் நனையாமல் சகதியைத் தாண்டுகிறவரைப்போல அவனைப் பதனமாகத் தாண்டிப் போகிறார். மேலே பால்கனியில் கனவான்கள் நிற்கிறார்கள். ஒருவர் ஆரஞ்சுப் பழம் உரிக்கிறார். தோல் அறுபடாமல் ஒரே சுருளாக இறங்கி, கிடப்பவனின் முகத்தைத் தொட இன்னும் ஒரு விரற்கடைதான் பாக்கி. அடியில் எழுதியிருந்தது: 'ஒழுங்கு திரும்பியது'.

கிடப்பவனுக்கு எலியோதோரோவின் முகம். அதே அகலத் தாடை, அதே கோணல் மூக்கு, வெளியே துருத்திய அதே இடது காது. மீசை மட்டும் இல்லை.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினான். உபால்தினா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "உன்னவிட இவன் லட்சணமா இருக்கான்" என்றாள். ஆனால் பத்திரிகையை வீட்டுக்குள் வைக்கவிடவில்லை. கொல்லையில் கல்லுக்கடியில் வைத்தாள்.

மறுநாளே போலீஸ்காரர்கள் வந்தார்கள். அவர்கள் மரியாதையாகப் பேசியதுதான் எலியோதோரோவுக்குப் பயமாக இருந்தது.

ஆணையத்தின் தலைவர் டாக்டர் அராவுஸ். வைத்தியம் பார்க்கிற டாக்டர் அல்ல, சட்டம் படித்த டாக்டர். வெள்ளை லினன் கோட்டு, தலையில் வாசனை எண்ணெய், வாயில் எப்போதும் ஒரு இருமல் மிட்டாய். அவனைக் கண்டதும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"வா, வா! பாருங்க எல்லாரும். நடக்கறான். மூச்சு விடறான். வேர்க்குதுகூட!"

"ஐயா, நான் ஒரு தப்பும் பண்ணலைங்க."

"தப்பா? நீ பண்ணியிருக்கிறது நாட்டுக்கே உபகாரம். நீ உயிரோட இருக்கே!"

எலியோதோரோ தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கினான். "ஐயா, அந்தப் படம் நான் இல்லீங்க. அன்னிக்கு நான் காய்ச்சல்ல படுத்திருந்தேன். படித்துறைப் பக்கமே போகலை."

"அருமை! நீ அங்க இல்லை, ஆனா படத்துல இருக்கே. அப்ப படம் பொய்."

"அது வேற ஆளா இருக்குமுங்க."

டாக்டர் அராவுஸ் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். "யோசிச்சுப் பாரு. வேற ஆளுன்னா அவன் செத்திருக்கணும். யாரும் சாகலைன்னு நாங்க அறிவிச்சாச்சு. அதனால வேற ஆளு கிடையாது. மிச்சம் யாரு?"

எலியோதோரோ திரும்பிப் பின்னால் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

"நீதான்" என்றார் டாக்டர்.

அன்று மதியமே மூன்று வைத்தியர்கள் அவன் நாடியைப் பிடித்தார்கள். இரண்டு பேர் அவன் உயிரோடிருப்பதாக எழுதிக் கையெழுத்திட்டார்கள். மூன்றாமவர், தற்சமயம் உயிர் இருப்பதாகத் தெரிகிறது, ஆனால் இந்த ஊரில் எதையும் அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை என்று எழுதினார். அவரைத் தேசப்பற்றுக் குறைவு என்று விலக்கிவிட்டு, அந்த இடத்துக்கு ஒரு பல் வைத்தியரைக் கொண்டுவந்தார்கள்.

பிறகு மீசை விஷயம் வந்தது. படத்தில் மீசை இல்லை; இவனுக்கு இருக்கிறது. பார்க்கிற மக்கள் குழம்புவார்கள். ஆணையம் கூடிப் பேசி, ஒரு நாவிதரை வரவழைத்தது. படத்தில் தலைமயிர் நெற்றியில் விழுந்திருந்ததால் இவனுக்கும் அப்படியே வெட்டினார்கள். படத்தில் சட்டைக் கழுத்து கிழிந்திருந்ததால் இவனுடையதையும் கிழித்தார்கள். செத்தவனைப்போல ஆக ஆக, அவன் உயிரோடிருப்பது மேலும் மேலும் உறுதிப்பட்டது.

அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது உபால்தினா வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். கத்தி கீழே விழுந்தது. சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"பாவி, ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக்கூடாதா?" என்றாள். சாப்பாடு போடும்போதும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆனால் உபகாரத்துக்குப் பலனும் இருந்தது. அவன் வண்டிக்கு அரசுச் செலவில் நீலமும் வெள்ளையுமாக வர்ணம் அடித்தார்கள். சுங்கக் கட்டடத்தின் வாசலிலேயே, நிழலில், கப்பல்காரர்கள் இறங்குகிற இடத்தில் நிற்க உரிமம் கொடுத்தார்கள். உபால்தினாவுக்குப் புதுக் காலணி வந்தது. "செத்தவனால பிழைக்கிறோம். இது நல்லதுக்கில்லை" என்று சொல்லிக்கொண்டே அவள் அதைப் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சதுக்கத்தில் 'உயிரோடிருப்பவரைக் காணும் விழா' நடந்தது. ராணுவ வாத்தியம் வாசித்தார்கள். மேடையில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, எலியோதோரோவின் முன் சோறும் அவரையும் பொரித்த மீனும் வைத்தார்கள். டாக்டர் அராவுஸ் கை உயர்த்திப் பேசினார்.

"பெரியோர்களே! ஒரு படக்காரன் நம்ம ஊரைப் பிணக்காடுன்னு வரைஞ்சான். இதோ அந்தப் பிணம்! இப்ப சோறு சாப்பிடும்! எங்கேயாவது பிணம் சோறு சாப்பிட்டுப் பார்த்திருக்கீங்களா? நம்ம துருப்புகள் மேல எவ்வளவு பெரிய பழி! அவங்க குறி வெச்சுச் சுட்டாங்க. ஆனா அன்போட சுட்டாங்க!"

கைதட்டல் மேடையிலிருந்து மட்டும் வந்தது. கீழே கூட்டம் அசையாமல் நின்றது. முன்வரிசை முழுக்கப் பெண்கள். யாரும் அழவில்லை. எல்லாரும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதிலிருந்து வேறு யாருடைய குரலாவது வந்துவிடும் என்பதுபோல. ஒருத்தி மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் கேட்டாள்.

"நீ எந்த வழியா வந்தேப்பா? மத்தவங்களும் அந்த வழியாத்தான் வராங்களா?"

மீன் ஆற்று மீன். அது அவன் தொண்டையில் நின்றுவிட்டது. வாத்தியக்காரர்கள் உரக்க வாசித்ததால் அவன் இருமியது யாருக்கும் கேட்கவில்லை.

மறுநாள் முதல் ஆணையத்தின் வாசலில் பெண்கள் கூடினார்கள். ஐஸ்காரனை உயிரோடு காட்டினீர்களே, எங்கள் வீட்டு ஆட்களையும் காட்டுங்கள் என்றார்கள். துரத்தினால் போய்விட்டு மறுபடி வந்தார்கள். ஆணையம் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்து, ஒரு தீர்மானத்தோடு வெளியே வந்தது. டாக்டர் அராவுஸ் படியில் நின்று அதை விளக்கினார்.

"அம்மாமார்களே, பாராளுமன்றத்துல ஒரு உறுப்பினர் பேசினா, அவருக்கு ஓட்டுப் போட்டவங்க எல்லாரும் பேசினதா அர்த்தம். அவர் சாப்பிட்டா அவங்க சாப்பிட்டதா அர்த்தம். நம்ம நாடே அப்படித்தான் நடக்குது. அதே மாதிரி, எலியோதோரோ பின்காய் இன்னையிலேர்ந்து ஊரில் இல்லாத எல்லார் சார்பாவும் உயிரோட இருப்பார். உங்க வீட்டு ஆளைப் பார்க்கணும்னா அவரைப் போய்ப் பாருங்க. நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

தோமித்திலா கிமி வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஐஸ் வண்டிக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும், முன்கையெல்லாம் ரொட்டி அடுப்பில் சுட்ட வடு. அவளும் கணவன் ரோசெண்டோவும் ஒரே ரொட்டிக் கடையில் வேலை பார்த்தவர்கள். அவன் ஊர்வலத்துக்குப் போனான். இவள் மாவைப் பாதியில் விட முடியாமல் நின்றுவிட்டாள். அவள் எலியோதோரோவைச் சுற்றி வந்து பக்கவாட்டில் பார்த்தாள், பின்னாலிருந்து பார்த்தாள்.

"என் புருஷன் சார்பா நீ உயிரோட இருக்கியாமே?"

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. அவங்க சொல்றாங்க."

"பாதிரியாரும் அதையேதான் சொல்றார். செத்தவங்களுக்குத்தான் பூசை வைப்பாராம், ஊர்ல இல்லாதவங்களுக்கு வைக்க மாட்டாராம்." அவள் மூச்சை இழுத்து விட்டாள். "சரி, நீதான் அவர்னா, அடுக்களைக் கூரை ஒழுகுது. போன மழைக்கே ஏறிப் பார்க்கறேன்னார். எப்ப வரே?"

குத்தலுக்குத்தான் கேட்டாள். ஆனால் எலியோதோரோ, "ஞாயித்துக்கிழமை வரேன்" என்று சொல்லிவிட்டான். சொன்னபடி உபால்தினாவையும் கூட்டிக்கொண்டு போனான்.

கூரை வேலை மதியம் வரை இழுத்தது. கீழே இரண்டு பெண்களும் பேசிக்கொண்டது மூங்கில் இடுக்கு வழியாகக் கேட்டது. முதலில் அரிசி விலை, பிறகு மலேரியா. பிறகு உபால்தினா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அந்தப் படத்துல இருக்கிறது அவர்தான்னு உனக்கு எப்படித் தெரியும் தோமித்திலா? எம்புருஷன் முகமும் அதேதானே?"

"மொகத்தை நான் பார்க்கவே இல்லைக்கா. காலைத்தான் பார்த்தேன். இடது காலைப் பாருங்க, சுண்டு விரல் கிடையாது. அடுப்பு மேல இருந்த இரும்புத் தட்டு விழுந்து போச்சு. அன்னிக்கு என்ன திட்டுத் திட்டினேன் தெரியுமா அவரை! அந்தப் படக்காரர் அதைக்கூட விடாம வரைஞ்சிருக்கார்."

எலியோதோரோ வீட்டுக்கு வந்து கல்லுக்கடியிலிருந்து பத்திரிகையை எடுத்தான். வெறுங்காலில் விரல்களை எண்ணினான். நான்கு. மடித்துத் திரும்ப வைத்தான். அன்றிலிருந்து அவனால் மல்லாந்து படுக்க முடியவில்லை. மதிய வெயிலுக்குக் கண் அயரும்போதுகூடக் குப்புறத்தான் படுப்பான். கட்டில் கல்லாக இருக்கிறது, கீழே தண்ணீர் சலசலக்கிறது என்பான். உபால்தினா குனிந்து பார்ப்பாள். கட்டிலுக்கடியில் தரைதான் இருக்கும்.

படம் வரைந்த தார்க்கினோவைப் பிடித்துச் சிறையில் வைத்திருந்தார்கள். துருப்புகளை அவதூறு செய்ததாக வழக்கு. விசாரணைக்கு முன் படம் பொய் என்று செய்து காட்டிவிட வேண்டும் என்று ஆணையம் முடிவு செய்தது. படித்துறையில், அதே இடத்தில், நடுப்பகலில்.

எலியோதோரோவைக் கல்லில் மல்லாத்தினார்கள். வலது காலில் பூட்ஸ், இடது கால் வெறுமையாக. ஆணையத்தின் சொந்தப் படக்காரர் கையில் பத்திரிகையோடு நின்று, தலையை இன்னும் கொஞ்சம் விளிம்புக்குத் தள்ளச் சொன்னார். எதிலும் குறை வைக்கக்கூடாது என்று டாக்டர் அராவுஸ் சொல்லியிருந்ததால் ஒரு கேப்டனை வரவழைத்திருந்தார்கள். அவர் கிடப்பவனைத் தாண்டிப் போனார். கால் சரியாகத் தூக்கவில்லை என்று திரும்பவும் தாண்டினார். ஆணையத்தார் பால்கனியில் ஏறி நின்றார்கள். வெயில் கடுமையாக இருந்தது. தட்டில் ஆரஞ்சுப் பழங்கள் வந்தன. ஒருவர் எடுத்து உரிக்க ஆரம்பித்தார். தோல் சுருள் சுருளாக இறங்கியது.

கீழேயிருந்து எலியோதோரோ எல்லாவற்றையும் பார்த்தான். பூட்ஸின் அடி, அதற்குமேல் பழம் உரிக்கிற கைகள், அதற்குமேல் வெள்ளை வானம். கல் சுட்டது. ஆனாலும் முதுகில் ஒரே ஓர் இடத்தில், நெஞ்சுக்கு நேர் பின்னால், ஈரமாகக் குளிர்ந்தது. தூரத்தில் கயிற்றுக்கு அப்பால் நின்ற பெண்கள், ஒருவருக்கொருவர் ஒன்றும் சொல்லிக்கொள்ளாமலே மண்டியிட்டார்கள். ஆற்றுச் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை.

கைவிலங்கோடு கொண்டுவந்து நிறுத்தியிருந்த தார்க்கினோ பால்கனியையும் கீழேயும் மாறிமாறிப் பார்த்தான். ஒல்லியான இளைஞன், விரல் நகங்களில் இன்னும் மை.

"இப்ப என்ன சொல்றே?" என்று மேலேயிருந்து டாக்டர் கேட்டார்.

"நான் ஈக்களை வரையாம விட்டுட்டேன் டாக்டர். மத்தபடி சரியா இருக்கு" என்றான் அவன். பிறகு குனிந்து, எலியோதோரோவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். "மன்னிச்சுக்கண்ணே. உங்களை நான் பார்த்ததே இல்லை. அன்னிக்கு நெறையப் பேரு கிடந்தாங்க. எல்லாரையும் பார்க்கத் தைரியமில்லை. ஒருத்தர் முகத்தையாவது மறக்கக்கூடாதுன்னு வரைஞ்சேன்."

அதற்குள் ஆணையத்தின் படக்காரர் கால்மாட்டில் குந்தி எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். திரும்பவும் எண்ணினார். எழுந்து கூப்பிட்டார்.

"ஐயா, இங்க விரல் ஒண்ணு அதிகமா இருக்கு."

அன்று சாயங்காலம் ஆணையம் அவசரமாகக் கூடியது. விரலைப் படத்தில் சேர்த்து வரைந்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். ஆனால் பத்திரிகை அதற்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. மிச்சமிருந்தது ஒரே வழி. டாக்டர் அராவுஸ் எலியோதோரோவின் தோளில் கைபோட்டு உட்கார வைத்தார்.

"தேசத்துக்காகத் தலையையே கொடுத்தவங்க இருக்காங்க. நாங்க கேக்கறது சுண்டு விரல். அதுவும் கையோடது இல்லை. அதுவும் இடது கால்."

"ஐயா..."

"மயக்க மருந்து அரசுச் செலவு. விரலை வீணாக்க மாட்டோம், மரியாதையா அடக்கம் பண்ணுவோம். இந்த வருஷம் இந்த ஊர்ல நடக்கப்போற முதல் அரசு மரியாதை அடக்கம்!"

உபால்தினா புதுக் காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, காவல்காரர்களைத் தள்ளிவிட்டு உள்ளே வந்தாள். எலியோதோரோ அவள் அடிக்கப் போகிறாள் என்று நினைத்தான். அவள் மேசைமேல் காலணிகளை வைத்துவிட்டு, மிகப் பணிவாகப் பேசினாள்.

"தாராளமா வெட்டுங்க டாக்டர். ஒரு விஷயம் மட்டும் சொல்லிடறேன். இந்த மனுஷனுக்கு இன்னும் மலேரியா விடலை. ஒடம்புல ரத்தம் கிடையாது. போன வருஷம் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினதுக்கே செத்துப் பொழைச்சார். வெட்டின இடத்துல சீழ் வெச்சு, இவர் பாட்டுக்குப் போயிட்டார்னா, அப்ப ஊர்ல ஒருத்தன் செத்ததா ஆயிடுமே? அதுவும் படத்துல இருக்கிறவனே. பரவால்லையா?"

டாக்டர் அராவுஸ் இன்னொரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார். விரலை மடக்கி உள்ளே வைத்து, தோல் நிறத் துணியால் இறுகக் கட்டிவிடலாம், தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது என்று தீர்மானம் திருத்தப்பட்டது. எலியோதோரோ கோர்ட்டில் மூன்று வார்த்தை சொன்னால் போதும்: 'படத்தில் இருப்பது நான்தான்.' சொன்னால் சுங்கக் கட்டட வாசல் ஆயுசுக்கும் அவனுடையது. சொல்லாவிட்டால், ஊரில் இல்லாதவர்கள் கூட்டத்தில் இன்னும் ஒருவருக்கு இடமிருக்கிறது என்றார் டாக்டர், பிரியமாகவே.

விசாரணைக்கு முந்தின நாள் தோமித்திலா வண்டிக்கு வந்தாள். செய்தி அவள் வரை எட்டியிருந்தது. அவன் ஐஸ் சீவி நீட்டினான். அவள் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாளே தவிர, சாப்பிடவில்லை.

"சொல்லாதேன்னு கேக்க நான் வரலை. உனக்கும் வீடு வாசல் இருக்கு" என்றாள். "ஆனா ஒண்ணு. அவர் உடம்பு ஆத்தோட போச்சு. பேரு இவங்க வாயில வராது. மொகம் உனக்கும் இருக்கு. அவர்னு தனியா சொல்ல மிச்சம் இருக்கிறது அந்த இல்லாத விரல் ஒண்ணுதான். நாளைக்கு நீ அதையும் கட்டி எடுத்துட்டுப் போறே." தம்ளரை வண்டியில் வைத்துவிட்டுப் போனாள்.

கோர்ட்டில் நிற்க இடமில்லை. நீதிபதி விசிறியால் வீசிக்கொண்டே கேட்டார். "எலியோதோரோ பின்காய், இந்தப் படத்தில் இருப்பது நீர்தானே?"

மடக்கிக் கட்டிய விரல் விண்விண் என்று தெறித்தது. எலியோதோரோ டாக்டர் அராவுஸைப் பார்த்தான். உபால்தினாவைப் பார்த்தான். அவள் பழைய செருப்போடு வந்திருந்தாள். சட்டென்று கூண்டுக்குள்ளேயே தரையில் உட்கார்ந்து, பல்லால் முடிச்சைக் கடித்து, துணியை அவிழ்த்தான். எழுந்து, இடது காலைத் தூக்கிக் கூண்டின் கட்டைமேல் வைத்தான்.

"வலிக்குதுங்க" என்றான். "அஞ்சு விரல் இருக்குங்க எனக்கு. அவருக்கு நாலுதான். அவர் பேரு ரோசெண்டோ கிமி. ரொட்டி சுடறவர்."

"பொய்!" டாக்டர் அராவுஸ் எழுந்துவிட்டார். மிட்டாய் வாயிலிருந்து தெறித்து விழுந்தது. "பச்சைப் பொய்! இந்தப் படமே பொய்ங்கறதுக்கு இதுவே சாட்சி. எங்க வீட்டுக்கு ரொட்டி போடற ரோசெண்டோ கிமி விழுந்தது படித்துறையிலேயே இல்லை! சுங்கக் கட்டடத்துக்கு எதிர்ல! பால்கனியிலேர்ந்து எனக்கு நல்லா..."

அங்கே நிறுத்தினார். கோர்ட்டில் ஒரு விசிறிகூட அசையவில்லை. அவர் மெல்ல உட்கார்ந்து, கீழே விழுந்த மிட்டாயைத் தேடுகிறவரைப்போலக் குனிந்துகொண்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து தோமித்திலாவின் குரல் மட்டும் வந்தது. "சுங்கக் கட்டடத்துக்கு எதிர்லயா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள். அவளுக்கு அது புதுச் செய்தி. அங்கிருந்து படித்துறை வரை அவனை இழுத்து வந்திருக்கிறார்கள்.

தலைவர் அவர்களுக்கு வெயில் தாங்கவில்லை, அவர் பேசியது எதுவும் பேசப்படவில்லை என்று நீதிபதி உத்தரவிட்டார். உணவு இடைவேளைக்குப் பிறகு தீர்ப்பு வந்தது. படத்திலிருப்பது எலியோதோரோ அல்ல என்பது நிரூபணமாகிவிட்டதால், வேறு யாரும் இல்லாததால், அது எலியோதோரோதான் என்று கோர்ட் கருதியது. அப்படியானால் உயிருள்ள ஒரு குடிமகனின் கால்விரலை எதிரி தார்க்கினோ மையால் வெட்டியெடுத்திருக்கிறான். அந்தக் கொடுங்காயத்துக்கு ஒரு வருஷம் தீவுச் சிறை. அவதூறுக் குற்றச்சாட்டு பற்றிக் கோர்ட் ஒன்றும் சொல்லவில்லை. எலியோதோரோவைப் பொறுத்தவரை, அரசு சார்பில் உயிரோடிருக்கும் பொறுப்பிலிருந்து அவன் நீக்கப்பட்டான். வண்டி உரிமம் ரத்து. தனிப்பட்ட முறையில் உயிரோடிருக்க அவனுக்குத் தடையில்லை.

போலீஸ் வண்டியில் ஏறும்போது தார்க்கினோ கூட்டத்தில் எலியோதோரோவைத் தேடிப் பிடித்துச் சிரித்தான். "விரல் பத்திரம்ணே!" என்று கத்தினான். அதோடு கதவைச் சாத்திவிட்டார்கள்.

வண்டியின் நீல வர்ணத்தை உபால்தினாவே சுரண்டி எடுத்தாள். அவர்கள் ஊரின் பின்பக்கம், சேற்றுத் தெருக்களில், உரிமம் கேட்காத சந்துகளில் ஐஸ் விற்றார்கள். வியாபாரம் பாதியாகிவிட்டது. ஆணையம் தன் பணி வெற்றிகரமாக முடிந்ததாக ஒரு விருந்து வைத்துக் கலைந்தது. டாக்டர் அராவுஸைத் தூதராக்கி வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலை தோமித்திலா அந்தச் சந்துக்கு வந்தாள். நல்ல உடை உடுத்தி, தலையில் கறுப்புத் துணி போட்டிருந்தாள்.

"பூசை வைக்க ஒத்துக்கிட்டாரா பாதிரியார்?" என்று உபால்தினா கேட்டாள்.

"இல்லைக்கா. அதை விட்டுட்டேன்." அவள் எலியோதோரோவிடம் திரும்பினாள். "அந்தப் படத்துல அவர் கண்ணு தெறந்தே இருக்கு. யாரும் மூடி விடலை. எனக்கு வேற எங்கயும் போய் மூட வழியில்லை. உனக்கு அருவருப்பா இல்லைன்னா..."

எலியோதோரோ மனைவியைப் பார்த்தான். உபால்தினா சீவுளியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "உக்காருய்யா" என்றாள்.

அவன் கவிழ்த்துப் போட்ட பெட்டியில் உட்கார்ந்து, தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டான். தொப்பியை எடுத்து மடியில் வைத்தான். மாவும் சாம்பலும் மணக்கிற உள்ளங்கை ஒன்று அவன் நெற்றியில் பட்டு, மெதுவாகக் கீழே இறங்கி, இமைகளை மூடியது. தோமித்திலா ரோசெண்டோவின் பெயரைச் சொல்லி மன்றாட்டைத் தொடங்கினாள். இரண்டாவது வரியில் குரல் உடைந்தது. உபால்தினா எடுத்துக் கொடுத்தாள். எலியோதோரோ மூச்சை அடக்கிக்கொண்டான். அவனுக்கு முதுகில் குளிரவில்லை. வெறும் சுவர்தான் இருந்தது.

கை விலகியது. அவன் கண்ணைத் திறக்கப் போனான்.

"திறக்காதே" என்றாள் உபால்தினா காதோரம். "இன்னும் இருக்காங்க."

சந்தின் முனை வரை பெண்கள் நின்றிருந்தார்கள், தலையில் கறுப்புத் துணியோடு. காலடிகள் ஒவ்வொன்றாக நெருங்கின. அடுத்த கை குளிர்ந்து, சோப்பு மணத்தது. அது வேறொரு பெயரைச் சொன்னது. ரோந்து வந்த போலீஸ்காரன் ஒருவன் சந்துக்குள் எட்டிப் பார்த்து, "என்ன கூட்டம் இங்க?" என்றான்.

"வெயிலுக்கு ஐஸ் வாங்க நிக்கிறாங்க" என்றாள் உபால்தினா.

அவன் வரிசையை ஒருமுறை முழுக்கப் பார்த்தான். அவர்கள் யார் கையிலும் தம்ளர் இல்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டான்.

வண்டியிலிருந்த கட்டி கரைந்து, மரத்தூளோடு சந்தின் நடுவே வழிந்து, மேட்டைச் சுற்றிக்கொண்டு ஆற்றுப் பக்கம் ஓடியது. எலியோதோரோ கண் மூடி உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு பெயருக்கும் மூச்சை அடக்கி, அந்தக் கை விலகும்வரை பொறுத்து, பிறகு விட்டான்.